பெயர் போடாத விண்ணப்பச் சீட்டு

குழந்தை இல்லையென்றால் குறை மனைவியிடம்தான் இருக்கும் என்று ஏழு வருடம் நம்பினவன் நான். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு மீசை அடர்த்தி. போதாக்குறைக்கு, ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் செலெக்‌ஷன் வேலை. தோலை ஒருமுறை தடவினால் போதும், முள் கீறல் எது, உண்ணி கடித்த தழும்பு எது என்று பிரித்துவிடுவேன். இப்பேர்ப்பட்டவனுக்குத் தன்னிடம் குறையிருந்தால் தெரியாமலா போகும்?

என் மனைவி ஷீலா பார்க்காத மருத்துவர் இல்லை. "அவரும் டெஸ்ட் எடுக்கணும்மா" என்று எல்லோருமே சொன்னார்கள். நான் ஒவ்வொரு தடவையும் ஓவர்டைம் என்றேன். சொந்தக்காரர்கள் அவளை வளைகாப்புக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். நானோ பெரிய விசுவாசி! வாராவாரம் "என் மனைவியின் குறை நீங்க ஜெபியுங்கள்" என்று எழுதி, ஆலயத்து விண்ணப்பப் பெட்டியில் போட்டுவிட்டு பிரியாணிக்குப் போய்விடுவேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய லெந்து காலம், ஈஸ்டருக்கு முன்பு வரும் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. ஆயர் வழக்கம்போல் சீட்டுகளை வாசித்துக்கொண்டே வந்தார்.

"ஊர்த் தோலிலெல்லாம் குறை கண்டுபிடிக்கும் என் கணவர், தன்னைப் பரிசோதித்துக்கொள்ள மட்டும் பயப்படுகிறார். அவருக்குத் தைரியம் கிடைக்க ஜெபியுங்கள்."

எங்கள் சபையில் செலெக்‌ஷன் பார்ப்பவன் நான் ஒருவன்தான். மொத்த சபையும் திரும்பியது. நான் பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அப்படியொரு ஆமெனை அந்த ஆலயம் அதுவரை கேட்டதில்லை.

வெளியே வந்ததும் குதித்தேன். "இன்னா ஷீலா இது, மானமே போச்சு!"

"நான் பேரு போடலியே."

"போடாட்டி இன்னா? ஊருக்கே தெரிஞ்சுபோச்சு!"

"ஏழு வருஷமா ஊரே என்னைத்தான் கேக்குது. உங்களால ஒரு நாள் தாங்க முடியலியா?"

அன்று சீட்டெழுதாமல் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, குழந்தை அப்புறம். முதலில் இந்தக் கோழையை மருத்துவமனை வாசலைத் தாண்ட வையும்."

செவ்வாயன்று வேலூருக்குப் போனேன். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு சோதனைக்கூடத்தில் போய் நின்றால், டப்பாவை நீட்டிய நர்ஸ் எங்கள் பாடகர் குழு எஸ்தர்! "வந்துட்டீங்களா அண்ணா! உங்களுக்காகத்தான் சபையே ஜெபம் பண்ணுது."

குறை என்னிடம்தான் இருந்தது. விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருந்ததாம். "உலகம் முழுக்க இருக்கிற பிரச்சினைதாங்க. ஆம்பளைங்க லேட்டா வர்றதும் எல்லா நாட்டுலயும் உண்டு" என்றார் மருத்துவர். ஈஸ்டருக்குப் பிறகு சின்ன அறுவை சிகிச்சை செய்தார்கள். ஷீலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிறே எழுந்து நின்று, "குறை என்னோடதுங்க, அவளோடது இல்ல" என்று சபைக்கு முன்னால் சொன்னேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், அதைச் சொல்ல நாக்கு தடுமாறவில்லை.

சகோதரர்களே, குழந்தை வராமல் போயிருந்தாலும் என் ஜெபம் கேட்கப்பட்டதுதான். நான் வாசலைத் தாண்டினேன். நீங்களும் அவரை நம்பி முழங்காலில் நில்லுங்கள். எழுந்ததும் மனைவியோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

போன அக்டோபரில், ஒரு வியாழக்கிழமை காலை, ஷீலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எழுநூறு கிராம். இருவரும் நலம்.