மழை பெய்யாமல் ஆறு வந்த ஊர்

துணிக்கு அயன் போடும்போது அகஸ்ரீனா சட்டைகளோடு இத்தாலியன் பேசுவார். காலருக்கு நிகழ்காலம், கைகளுக்கு இறந்தகாலம், பொத்தான் பட்டிக்கு வந்தால் எதிர்காலம். வினைச்சொல் பிழைத்தால் அந்தச் சட்டைக்குத் திரும்பவும் தண்ணீர் தெளித்து முதலிலிருந்து தொடங்குவார். இத்தாலியின் பலேர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், நாலாம் மாடி வீடொன்றில், அவர் எட்டு வருடமாகப் பராமரிக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கு, அவர் அழைப்பது போல 'சிஞ்ஞோரா'வுக்கு, வயது எண்பத்தாறு. பிழை காதில் விழுந்தால் கைத்தடியால் தரையில் ஒருமுறை தட்டுவார். "மனுசி ஒண்டையும் தப்ப விடாது" என்று பெருமையோடு சொல்வார் அகஸ்ரீனா.

மன்னார்க்காரர். ஐம்பது வயது. குட்டையான உருவம், ஓட்டத்துக்குச் சற்றே குறைந்த நடை. ஆப்பிரிக்கப் பக்கமிருந்து சூடான காற்று வீசி, கார்களின் மீதெல்லாம் மஞ்சள் தூசு படியும் நாட்களில் பலேர்மோவே புலம்பும். அகஸ்ரீனா மட்டும் பால்கனித் தூணில் விரலால் வழித்துப் பார்த்து, "இது மணலே, தம்பி? இது பவுடர்" என்பார். மணல் விஷயத்தில் அவரோடு யாரும் வாதாட முடியாது. கல்யாணத்துக்கு முன் ஒன்பது வருடம் அவர் பாலைவனத்தில் வீட்டு வேலை செய்தவர். துபாயிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், மலைகளை எட்டும் முன் வரும் தைத் என்ற சின்ன நகரம் அது.

போன மாரியில் சிஞ்ஞோராவின் மகன் ஒரு செய்தி சொன்னார். இலையுதிர் காலத்தில் தாயை முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறாராம். வேலை போகும் என்பதை விட, படியேறிப் படியேறி வேலைக்கு இன்னொரு வீடு தேட வேண்டுமே என்பதுதான் அகஸ்ரீனாவை வாட்டியது. நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சியை முடித்தால் ஆஸ்பத்திரியிலேயே வேலை கேட்கலாம். ஆனால் அதில் சேர, இங்கே பதினாலு வயதுப் பிள்ளைகள் எழுதும் 'தெர்சா மேதியா' சோதனையில் தேற வேண்டும்.

அதில் அவர் போன வருடமே ஒருமுறை தோற்றிருந்தார். எழுத்துச் சோதனையில் குறையில்லை. வாய்மொழியில் ஒரு நகரத்தைப் பற்றிப் பேச வேண்டும். மகள் யூலியானா பலேர்மோவைப் பற்றி அழகாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். பழைய நகரப் பகுதியான கால்சாவின் மாளிகைகள் வரை ஒப்புவித்த அகஸ்ரீனாவுக்கு அடுத்த சொல் வரவில்லை. வரவேயில்லை. நிமிடக் கணக்கில் நின்றுவிட்டு வெளியே வந்தார். "கால்சாவிலை நான் படிக்கட்டுத்தான் துடைச்சனான். மாளிகையைப் பற்றி எனக்கென்ன தெரியும்?" என்று பிறகு, அதே நகரத்தில் இருக்கும் தமிழனான என்னிடம் சொன்னார்.

இரண்டாம் முறை, தைத்தைப் பற்றிப் பேசப் போவதாக அறிவித்தார். யூலியானா பதறிப்போனாள். இணையத்தில் தேடிப் பார்த்தாள். கிடைத்தது மூன்று வரி. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பெருநகரம், நடுவில் ஒரு பாலைவன ஊர்.

"அம்மா, அங்கை ஒண்டுமே இல்லையாம்."

"ஒண்டும் இல்லாத ஊரிலையோ நான் ஒன்பது வருசம் இருந்தனான்?"

இந்த ஜூனில் வாய்மொழிச் சோதனைக்கு நானும் போனேன். யாரும் உள்ளே போய் உட்காரலாம். கடைசி வாங்கில் யூலியானா என் பக்கத்தில் நகம் கடித்துக்கொண்டிருந்தாள். எதிரே மூன்று ஆசிரியர்கள். அகஸ்ரீனாவின் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

துணி காயப்போடும் மொட்டை மாடியிலிருந்து தொடங்கினார். மேற்கே சிவந்த மணல், கிழக்கே கூழாங்கல் வெளி, அதற்கப்பால் மலை. காலையில் துருப்பிடித்த தகரத்தின் நிறம், பின்னேரத்தில் நீலம். ஊரைச் சுற்றிப் பேரீச்சந் தோட்டங்கள். அங்கே விளையும் காய்கறி, ஸ்ட்ரோபெரி எல்லாம் லொறியேறி துபாய்க்குப் போகும். காய்கறிகள் தினமும் பார்த்த துபாயை அவர் ஒன்பது வருடத்தில் மூன்று தரம்தான் பார்த்தார். வந்தபோது, பாஸ்போட் புதுப்பிக்க, திரும்பியபோது.

நடுவில் இருந்த தலைமை ஆசிரியை எழுதுவதை நிறுத்தினார். மழையே இல்லாத ஊரில் இத்தனை தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். எந்தப் பாடத்திலும் இல்லாத கேள்வி.   யூலியானா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அகஸ்ரீனா பதில் சொன்னது இத்தாலியனில். அன்று பின்னேரம் எனக்காகத் தமிழிலும் சொன்னார்: "மழை ஊருக்குப் பெய்யிறேல்லை, மலைக்குத்தான் பெய்யும். ஊர் காத்திருக்கும்."

தைத்தில் ஒருநாள் வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தவருக்கு நூறு லொறிகள் ஒன்றாக வருவது போலச் சத்தம் கேட்டது. பார்த்தால், அவர் வந்த நாளிலிருந்து வெறும் கல்லாய்க் கிடந்த ஆற்றில் தண்ணீர்! ஒரு முள்மரத்தை வேரோடு உருட்டிக்கொண்டு, மண் நிறத்தில் வந்தது. உலகம் முடிகிறது என்று சிலுவை போட்டுக்கொண்டார். வீட்டுப் பிள்ளைகளோ சிரித்துக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். மூன்றாம் நாள் ஆறு திரும்பவும் கல். தண்ணீர் எங்கே போனது என்று கேட்டதற்கு வீட்டுக்காரி காலால் நிலத்தைத் தட்டிக் காட்டினாளாம். கூழாங்கல்லுக்கு அடியில் இறங்கியது கிணற்றில் ஏறும், தோட்டத்துக்கு ஓடும்.

வினைச்சொல்லில் நாலைந்து பிழை விட்டார். யாரும் திருத்தவில்லை. பத்து நிமிடம் என்றது இருபத்தைந்து நிமிடமானது. ஓரத்தில் இருந்த கணித ஆசிரியர், சோதனையை மறந்தவராய், மணலில் ஸ்ட்ரோபெரி எப்படி விளைகிறது என்று தன் தோட்டத்துக்காக விசாரித்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கதவில் முடிவை ஒட்டினார்கள். பத்துக்கு ஒன்பது. யூலியானா இரண்டு தரம் வாசித்துவிட்டு, நடைபாதையில் நின்ற அத்தனை பேருக்கும் சிசிலிக் குரலில் "அது என்ரை அம்மா" என்று இத்தாலியனில் அறிவித்தாள். அகஸ்ரீனா தாளைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "அந்த ஒண்டை எங்கை விட்டனான்?" என்று மட்டும் கேட்டார்.

எதிரே, கோப்பியும் பலகாரமும் விற்கும் பாரில், வெயிலும் நிழலும் பாதிப் பாதியாக விழுந்த மேசையை அவரே தெரிந்தெடுத்து உட்கார்ந்தார். மல்பெரி கிரனீத்தா மூன்று, கூடவே தொட்டுத் தின்ன பிரியோஷ் என்ற மெத்தென்ற பன். கண்ணாடிக் குவளையில் கருஞ்சிவப்புப் பனிக்கூழ் வந்து இறங்கவும் கைபேசி அடித்தது. சிஞ்ஞோராவின் மகன். இரண்டு மணி வரை விடுப்பு என்று அகஸ்ரீனா முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தார், மணி பன்னிரண்டரைதான். திரையில் பெயரைப் பார்த்தார். கைபேசியை மேசையில் குப்புறக் கவிழ்த்துவிட்டு, பிரியோஷைப் பெரிதாகப் பிய்த்துக் கிரனீத்தாவுக்குள் அமுக்கினார்.