சத்தத்துக்கு அசையாத நாய்

தகரப் பெட்டி செய்யும் பட்டறைக்காரிக்குக் காவலுக்கு நாய் தேவைப்பட்டது. பட்டறைச் சத்தத்துக்கு மிரளாத நாயாக வேண்டும் என்று, காப்பகத்துக்கே சுத்தியலும் ஒரு தகரத் துண்டுமாகப் போய் நின்றாள். ஓங்கி ஒரே அடி. நாய்களெல்லாம் அலறிக்கொண்டு கூண்டு மூலையில் ஒண்டின. ஒரு கிழட்டுக் கறுப்பு நாய் மட்டும் சாவகாசமாகக் கொட்டாவி விட்டது.

"இதான் நம்ம ஆளு!"

காப்பகக்காரர் இழுத்தார். "அதுக்குச் சுத்தமா காது கேக்காதும்மா."

கூட வந்த தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "காவலுக்குச் செவிட்டு நாயா? ஊரே சிரிக்கும்க்கா."

"சிரிக்கட்டும். பொம்பளைக்கு எதுக்குப் பட்டறைன்னு இந்த ஊரு குலைக்காத நாள் உண்டாடா? அதையெல்லாம் காதுல வாங்கியிருந்தா நான் சுத்தியலைத் தொட்டிருப்பேனா? நீங்க கூண்டைத் திறங்கய்யா."