எஞ்சின் நம்பர்

மண்ணெண்ணெயில் நனைத்த துணியின் மணம் இன்று பக்கத்து வீட்டிலிருந்து வந்ததும், இரண்டாம் உலக யுத்தம் தொடங்கின வருஷம் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வளவில் நின்ற, இப்போது அடையாளமே இல்லாத ஓலைக் கொட்டிலுக்குள் போய்விட்டேன். எங்களைப் பெற்ற ஐயா சாகுமுன் புகையிலை ஏற்றி ஓடிய சின்ன லொறி அங்கே பழுதாகி நிற்க, அது ஓடினால்தான் எங்களுக்குச் சீவியம் என்று அண்ணை நாள் முழுக்க அதன் துருவைத் துடைத்துக்கொண்டிருப்பார். அது எந்த வருஷத்து லொறி என்று ஒருவருக்கும் தெரியாததால், எஞ்சினில் பொறித்த நம்பரைக் கொழும்புக் கம்பனிக்கு எழுதினால்தான் பழுதுக்குச் சரியான மாற்றுச் சாமான் வரும். அண்ணையின் கை நுழையாத இடுக்கில் என் எட்டு வயதுக் கையை விட்டு, எண்ணெய் அழுக்குக்குள் தடவித் தடவி இலக்கங்களைச் சொன்னேன்.

“வடிவாப் பாத்தனியே? பிழையில்லையே?”

“ஓம் அண்ணை.”

மாதக்கணக்கில் காத்திருந்து வந்த சாமான் பொருந்தவில்லை. எஞ்சினைக் கழற்றி இறக்கியபோது, நான் மூன்று என்று சொன்னது எட்டாக இருந்தது. திரும்ப எழுதியதற்கு, யுத்தத்தால் இனிக் கப்பலில் சாமான் வராது என்று பதில் வந்தது. “அம்மாட்டைச் சொல்லாதை,” என்று மட்டும் சொல்லிவிட்டு, அண்ணை திருகோணமலைத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே ஜப்பான்காரன் போட்ட குண்டில் செத்துப்போனார்.

லொறியாலைதான் பிள்ளை போனது என்று அதைத் திட்டித் திட்டியே அம்மா கண்மூடினார். நான் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.