பெண் பிள்ளைக்குப் பாதி

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு கம்பத்துத் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன் நான். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மஸ்கட்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறேன். இங்கே பிள்ளை பிறந்தால் தகப்பன் கூடை நிறையச் சாக்லேட்டோடு வந்து எதிரில் வருகிற எல்லோருக்கும் கொடுக்கிறான். யாரும் கேட்பதில்லை. வந்த புதிதில் ஒருவர் இரண்டு கை நிறைய அள்ளி என்னிடம் கொடுத்து, "பிந்த்! பிந்த்!" என்று குதித்தார். பெண் பிள்ளை என்று அர்த்தம். உடனே நான் பாதியைக் கூடையிலேயே திருப்பிப் போட்டேன். அவர் முகம் வாடி, "ஷுகர்?" என்று கேட்டார். தலையாட்டி வைத்தேன். பெண் பிள்ளைக்குப் பாதி என்பது எங்கள் ஊர்க் கணக்கு என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

என் மகள் செல்வி பிறந்தது தேனிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில். வைத்தியம் இலவசம். ஆனால் பிள்ளையைத் துணியில் சுற்றி வைத்திருந்த ஆயாம்மா கையில் காசு விழாமல் கதவைத் தாண்டி வரவில்லை. "ஆம்பளப் பிள்ளைன்னா முழுசா வாங்கிருப்பேன். ஒங்களுக்குப் பொட்டப்பிள்ள, பாதி போதும்ணே. மூஞ்சியத் தொங்கப் போடாதீக" என்றார். "அண்ணனுக்கு லாபந்தான்!" என்று பக்கத்தில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கூச்சத்தில் நானும் சிரித்தேன். பாதி மிச்சம் என்று உள்ளுக்குள் நிம்மதியும் பட்டேன். அவர் கேட்டதை நினைத்தால் அருவருப்புதான். என் நிம்மதியை நினைத்தால் குமட்டுகிறது.

இப்போது அந்தச் செல்வியே பிள்ளை பெறப்போகிறாள், ஒன்பதாம் மாதம். அதே ஆஸ்பத்திரி. போனில், "அப்பா, ஆயாம்மாவுக்கு ஒரு சென்ட் பாட்டில் குடுத்துவிடுங்க" என்றாள்.

"ஒண்ணும் குடுக்காத ஆத்தா. அது அன்பளிப்பு இல்ல, வழிப்பறி."

"வலியில கெடக்கப்போறது நான். கவனிக்காமப் போட்டுட்டுப் போயிருவாக. அங்கன உக்காந்துக்கிட்டு நியாயம் பேசாதீக!"

வேலை முடிந்ததும் கடைக்குப் போனேன். சென்ட் வாங்கினேன். "என்ன பிள்ளைன்னு தெரியுமுன்னயே காசையும் முழுசாக் குடுத்துரு. பாதிங்கிற பேச்சே வரக்கூடாது" என்று மட்டும் சொன்னேன். லஞ்சம் கொடுக்க மகளுக்கே வழி சொல்லித்தருகிறேனே என்று என் வாயே எனக்கு நாறியது.

நேற்று ஒரு தகப்பன் சாக்லேட் நீட்டி, "பிந்த்" என்றார். அத்தனையையும் வாங்கிக்கொண்டேன். ஒன்றுகூடத் தின்னவில்லை. ஊருக்குப் போகிற ஆளிடம் கொடுக்க ஒரு பொட்டலம்தான் அனுமதி. ஆயாம்மாவின் சென்ட்டும் செல்வியின் சாக்லேட்டும் அதற்குள்தான் இருக்கின்றன. அவள் பிரிக்கும்போது இரண்டிலும் ஒரே வாடைதான் அடிக்கும்.

எழுதி முடித்தது: தை இருபது, வெள்ளிக்கிழமை.