காயம் ஆறிய பிறகு

பேருந்தில் பயணியாகப் போனாலும் மாஸ்டரின் வலது கால் சும்மா இருக்காது. எதிரே ஒரு வண்டி குறுக்கிட்டால் போதும், தரையை ஓங்கி மிதிப்பார். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்தே பழகிய கால். "டிரைவர்தான் பிரேக் போட்டாச்சே, நீங்க வேற எதுக்கு?" என்பார் மனைவி. "அவன் போட்டது பஸ்ஸுக்கு. நான் போட்டது உனக்கு."

எங்கள் தெருவில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர், நான் உட்பட, அவருடைய தயாரிப்பு. திட்டவே மாட்டார். நடுச்சாலையில் வண்டி அணைந்து நாம் வியர்த்து வழியும்போது, "நின்னுடுச்சா? நல்லது. நிக்கத் தெரியாத வண்டிதான் ஆபத்து" என்பார். தலை வெளுத்துவிட்டது, மீசைக்கு மட்டும் மை. கேட்டால், "வண்டிக் கண்ணாடியில தலை தெரியாதுல்ல?"

போன வருடம் அவர் குடலில் ஒரு கட்டி. பெரிய அறுவை. முழுவதும் எடுத்தாகிவிட்டது என்று மருத்துவர் சிரித்த முகத்தோடு வந்து சொன்னார். மறுநாள் மாஸ்டரும் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். அதற்கடுத்த நாள் காய்ச்சல் ஏறியது, உடம்பு வீங்கியது. நெற்றியைத் துடைக்க அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, குனிந்தபோது போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"யாரும்மா நீங்க? தொடாதீங்க. என் வீட்டுக்காரி இப்ப வந்துடுவா. பார்த்தா மனசு கஷ்டப்படுவா."

விளையாடுகிறார் என்று நினைத்து அக்கா சிரித்துவிட்டார். "வரட்டுமே, நானும் பாக்கறேன்."

மாஸ்டர் சிரிக்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டார். "இந்தம்மாவ வெளிய போகச் சொல்லுங்க."

சாப்பாடு கொண்டுபோயிருந்த நான்தான் அக்காவைக் கைத்தாங்கலாக வராந்தாவுக்கு அழைத்து வந்தேன்.

"கத்தி வச்சது டாக்டரா திருடனான்னு உடம்புக்குத் தெரியாதும்மா" என்றார் மருத்துவர். "காயம் பட்ட இடத்துலேர்ந்து ரத்தத்துல சேதி போகும், ஆபத்து, ஓடி வாங்கன்னு. அந்தக் கூப்பாட்டுலதான் காய்ச்சல், வீக்கம் எல்லாம். அது இல்லேன்னா காயமே ஆறாது. ஆனா ரெண்டு மூணு நாள்ல அடங்கணும். இவருக்கு அடங்கல. மூளையையும் போய்த் தொட்டுடுச்சு."

"அடங்கிடுமா டாக்டர்?"

"அடங்கும். ஆனா அப்படிக் கத்தி ஓஞ்ச உடம்புல எதிர்த்து நிக்கத் தெம்பு இருக்காது. அந்த நேரம் பார்த்துக் கிருமி உள்ள வரும். அதையும் தாண்டணும்."

வந்தது. நுரையீரலில் சளி கட்டி, மாஸ்டர் எலும்பும் தோலுமானார். அந்த நாட்களில் அக்கா, "ஆஸ்பத்திரில வேலை பாக்கறேங்க" என்று சொல்லித்தான் அவருக்குக் கஞ்சி ஊட்டினார். ஒவ்வொரு வாய்க்கும், "என் வீட்டுக்காரி வந்தாளா?" என்று கேட்பார்.

"வந்துக்கிட்டே இருக்காங்க. நீங்க சாப்பிடுங்க."

ஒருவழியாகக் காய்ச்சல் விட்டது. ஒரு காலையில் கண் விழித்து, "ஏன் இப்படி இளைச்சுட்ட?" என்று மனைவியிடம் கேட்டார். அன்றைக்குத்தான் அக்கா வாய்விட்டு அழுதார். முன்பு சொன்னது எதுவும் மாஸ்டருக்கு நினைவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

காயம் தழும்பாகி, அவர் வேலைக்குத் திரும்பினார். ரவுண்டானா வந்தபோது, "எந்தப் பக்கம் மாஸ்டர்?" என்று கேட்டாள் ஓட்டிக்கொண்டிருந்த பெண். ஆண்டுக்கணக்காக அவர் சுற்றிச் சுற்றி வந்த இடம். நாலு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஓரமா நிறுத்தும்மா" என்றார். இறங்கி முதலாளிக்குப் போன் செய்தார். "வேற ஆள அனுப்புங்க. எனக்கு வழி தெரியல." அதன்பின் அவர் பயிற்சிக் காரில் ஏறவில்லை.

மூளையில் முன்பே ஏதோ பலவீனம் இருந்திருக்கலாம், அறுவை அதைக் கிளறிவிட்டிருக்கலாம் என்கிறார் மருத்துவர். சில நாள் தெளிவு. சில நாள் மந்தம். மையும் இப்போது இல்லை, மீசை வெளுத்துக் கிடக்கிறது.

போன வாரம் பூங்காவில் அவர்களைப் பார்த்தேன். மாஸ்டர் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பிடிக்கப் போயிருந்த அக்கா திரும்பி வந்து எதிரே நின்றார். அவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மரியாதையாக ஓரத்துக்கு நகர்ந்தார்.

"உக்காருங்கம்மா. இடம் இருக்கு."

அக்கா அந்த இடைவெளியைக் குறைக்காமல், பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.