சனிக்கிழமைக்குள் ஒரு றக்கற்

அப்பா வின்சன்ற் செத்த நாளிலிருந்து ஜெனிற்றாவால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. சோற்றை நின்றபடி சாப்பிட்டாள். செபமாலையில் ஒரு பத்து முடியுமுன் எழும்பிப் போய்க் கேற் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. இரண்டாம் பத்தில் மறுபடி போனாள். தாய் யசிந்தா கண்ணைத் திறக்காமலே, மகளின் செருப்புச் சத்தம் திரும்பி வரும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடர்ந்தாள்.

ஜெனிற்றாவுக்கு வயது நாற்பத்துநாலு. ஆஸ்பத்திரியொன்றில் உபகரணம் திருத்தும் வேலை. இதயத் துடிப்பைக் காட்டும் மொனிற்றரோ மருந்து ஏற்றும் பம்ப்போ நின்றுபோனால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். குருநகரில் கடற்றொழில் வீட்டில் பிறந்தவள். கொழும்பில் மின்னணுவியல் படித்துவிட்டுத் திரும்பி வந்து பதினெட்டு வருடம். கலியாணம் பேசினார்கள், சரிவரவில்லை, அவளும் அதைத் துரத்திப் போகவில்லை. தம்பி ஜெறோம் குடும்பத்தோடு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தான். அப்பாவின் வள்ளம் இப்போது அவனிடம்.

ரெனிஸ் விளையாட்டு அவளுடைய வாழ்க்கையில் மூன்று வருடம்தான் இருந்தது. பன்னிரண்டு வயது தொடங்கிப் பதினைந்துவரை. பொருளாதாரத் தடைக்காலம் அது. பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில், மயிர் கொட்டி வழுக்கையாகிப்போன பந்துகளால் விளையாடினார்கள். தொண்ணூற்றைந்தில் யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, பந்தடிக்கிற மட்டையான அவளுடைய றக்கற் அலுமாரிக்கு மேலே கிடந்தது. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. பிறகு படிப்பு, வேலை. ரெனிஸ் ஞாபகத்திலும் இல்லை.

ஞாபகப்படுத்தியவள் நிரோஜினி. நெல்லியடிக்காரி, அதே ஆஸ்பத்திரியில் மருந்தாளர். நகரத்து ரெனிஸ் கழகமொன்றில் சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலத்தைப் பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். நாலு பேர் சோடி சேர்ந்து ஆடினார்கள். அதில் ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்குப் போய்விட்டாள். வருகிற சனிக்கிழமை நாலாவது ஆள் வந்து கையெழுத்து வைக்காவிட்டால் அந்த நேரத்தைச் சிறுவர் பயிற்சிக்குக் கொடுத்துவிடுவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார்.

“நீர் சும்மா வந்து நில்லும். பந்து வந்தா அடியும், வராட்டி விடும்,” என்றாள் நிரோஜினி. “உம்மைப் பார்க்க எனக்குத் தலை சுத்துது. காலமை தொடக்கம் எங்கடை மருந்துப் பிறிட்ஜை நாலு தரம் திறந்து பார்த்திட்டீர்.”

ஜெனிற்றா ஓம் என்றாள். மூன்று மாதத்தில் அவள் எதற்காவது ஓம் சொன்னது அதுதான் முதல் தரம். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. இந்தச் சனி போகாவிட்டால் இனி எந்தச் சனியும் போகமாட்டாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அன்று திங்கள். கையில் றக்கற் இல்லை.

வீட்டில் சொன்னாள். தாய்க்குப் பிடிக்கவில்லை. மனுசன் செத்து மூன்று மாதம், அதுவும் தவக்காலம், கோயில் பங்கிலுள்ள சனம் என்ன சொல்லும் என்று கணவாய் மீனைக் கழுவியபடி முணுமுணுத்தாள். கடைசியில், துக்கத்துக்காக மகள் உடுத்திருந்த கறுத்தச் சட்டையை ஒருமுறை பார்த்தாள்.

“கறுப்புக் கழட்ட முந்திப் பந்தடி கேக்குதோ உனக்கு?”

ஜெனிற்றா அறைக்குள் போய் வேலைக் கொப்பியைத் திறந்தாள். செலவழிக்கக்கூடியது பதினையாயிரம். பாரம் குறைந்த நல்ல கிரபைற் றக்கற் புதிதாகக் கொழும்பில் வாங்கினால் அதைப்போல நாலு மடங்கு. யாழ்ப்பாணக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது அலுமினியம். தலைப்பக்கம் பாரம், மணிக்கட்டை இழுக்கும். இருபத்தொன்பது வருடம் ஓய்ந்திருந்த தோளுக்கு முந்நூறு கிராமுக்கு மேல் ஆகாது. பிடியைக் கையால் பொத்தினால் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் மற்றக் கையின் ஒரு விரல் நுழைய வேண்டும். எல்லாவற்றையும் எழுதி அடிக்கோடிட்டாள். எழுதும்போது மட்டும் கால் ஆடவில்லை.

செவ்வாய்க்கிழமை இணையத்தில் ஒரு விளம்பரம் கண்டாள். கொடிகாமத்தில் ஒருவர் பழைய கிரபைற் றக்கற் விற்கிறார். வேலை முடிந்த கையோடு ஸ்கூட்டியை எடுத்தாள். பதினைந்து வயதில் இடம்பெயர்ந்து கொடிகாமச் சந்திக்குப் பக்கத்தில்தான் ஒரு கொட்டிலில் ஆறு மாதம் இருந்தவள். இம்முறை அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

விற்றவர் ஆழ்வாப்பிள்ளை, தேங்காய் வியாபாரி. கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மருமகன் இரண்டு நாள் மதிலில் பந்தடித்துவிட்டு விட்டுப்போன சாமான் அது. நரம்பு இரண்டு அறுந்திருந்தது.

“நுளம்பு அடிக்கிற மட்டை மாதிரித்தான் பிள்ளை,” என்றார். “கரண்ட் மட்டும் இல்லை.”

ஜெனிற்றா பையிலிருந்து ஜெறோமின் தூக்குத் தராசை எடுத்து றக்கற்றைக் கொழுக்கியில் மாட்டினாள். கடற்கரையில் மீன் நிறுக்கிற மின்தராசு அது.

“என்ன, கிலோக் கணக்கிலையே வாங்கப்போறாய்?”

இருநூற்றுத் தொண்ணூற்றைந்து கிராம். ஒற்றை விரலில் கிடத்திப் பார்த்தாள். பாரம் பிடிப்பக்கம் இருந்தது. விரல் நுழைந்தது. கொப்பியில் எழுதிய அத்தனையும் பொருந்தியது. பன்னிரண்டாயிரம் என்றவர், நரம்பைக் காட்டியதும் பத்தாயிரத்துக்கு இறங்கி, இரண்டு தேங்காயும் தந்து அனுப்பினார்.

நரம்புதான் சிக்கல். யாழ்ப்பாணத்தில் அவள் விசாரித்த இடமெல்லாம் நரம்பு கட்டும் இயந்திரம் இல்லை என்றார்கள். கொழும்புக்கு பஸ்ஸில் அனுப்பினால் திரும்பி வரப் பத்து நாள். சனிக்கிழமைக்கு நாலு நாள்.

குருநகர் வீட்டில் வேறு எது இல்லாவிட்டாலும் தங்கூசி இருக்கும், மீன்பிடிக்கிற நைலோன் இழை. ஜெறோம் தடித்த உருளையொன்றைக் கொண்டுவந்து போட்டான். திருக்கை இழுத்தும் அறாத சாமான் என்றான். அவள் அளந்தாள். ஒன்று தசம் மூன்று மில்லிமீற்றர். றக்கற் நரம்பும் அதே அளவு. நைலோன் இழுபடும் என்பதால் வேண்டிய நீளத்தை வெட்டிக் கிணற்றுக் கப்பியில் போட்டு, இருபத்தைந்து கிலோ மணல் மூட்டையை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டாள். யசிந்தா அன்று பக்கத்து வீட்டில் தண்ணீர் அள்ளினாள்.

வியாழக்கிழமை அரைநாள் லீவு. வெயில் சாயத் தொடங்கும்போது றக்கற்றின் கைப்பிடியை வீட்டுத் தூணோடு கட்டினாள். ஜெறோம் தங்கூசியைத் தராசின் கொழுக்கியில் மாட்டி, நிலத்தில் குதியை ஊன்றி, வலையின் மேற்கயிறு இழுப்பதுபோல இழுத்தான். தராசு இருபத்துமூன்று கிலோவைத் தொட்டதும் அவள் துளையில் ஊசியைக் குத்தி இறுக்கினாள். முதலில் நெடுக்கு இழைகள். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. ஒவ்வொன்றும் இருபத்துமூன்று, ஒரு கிராம் கூடக் குறையவில்லை.

“அக்கா, உது வட்டமாப் போகுது,” என்றான் ஜெறோம்.

“தராசைப் பார்.”

“நான் தராசைத்தான் பார்க்கிறன். நீ மட்டையைப் பார்.”

“இழு.”

பதினோராவது இழையில் றக்கற் சட்டத்தின் மேல்வளைவில் வெடித்தது. காய்ந்த பனைமட்டை முறிகிற சத்தம். சட்டம் இரண்டாக மடிந்து தங்கூசியில் தொங்கியது.

நெடுக்கு இழையை மட்டும் இறுக்கினால் சட்டம் தாங்காது, சுற்றிவர ஆறு இடத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாததில்லை. புதன்கிழமை தன் கையாலேயே கொப்பியில் எழுதியிருந்தாள். வள்ளத்துக்கு முட்டுக் கொடுக்காமல் ஒரு ஆணி அடிக்காத வீட்டில் பிறந்தவள். ஜெறோம் தங்கூசியை உருளையில் திரும்பச் சுற்றத் தொடங்கினான்.

ஜெனிற்றா நிலத்தில் உட்கார்ந்தாள். முறிந்த சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். சத்தம் கேட்டு வெளியே வந்த யசிந்தா, மகள் ஓர் இடத்தில் இருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை அப்பா என்னவோ சொன்னவர் அம்மா,” என்றாள் ஜெனிற்றா. “மொனிற்றரிலை இலக்கம் பிழையாக் காட்டினது. நான் வயரைப் பார்த்துக்கொண்டு நிண்டனான். அதைச் சரிப்படுத்திப்போட்டுத் திரும்பேக்கை முடிஞ்சுது. என்ன சொன்னவரெண்டு எனக்குக் கேக்கேல்லை.”

மூன்று மாதமாக அவள் இதை யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. யசிந்தா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள்.

“தண்ணி கேட்டிருப்பார்,” என்றாள். “அந்த மனுசன் கடலாலை வந்தாலும் தண்ணி, கோயிலாலை வந்தாலும் தண்ணி. வேறை என்னத்தைக் கேட்டவர்?”

ஜெறோமுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டான். தண்ணீர்தானா என்று யாருக்கும் தெரியாது, யசிந்தாவுக்கும் தெரியாது. ஆனால் அப்பா வாய் திறந்தால் தண்ணீர் கேட்பார் என்பது பொய்யில்லை. ஜெனிற்றா மடியிலிருந்த சட்டத்தை எடுத்து நிலத்தில் வைத்தாள்.

“அப்ப சனிக்கிழமைக்கு என்ன செய்யப்போறாய்?” என்று கேட்டாள் தாய்.

“தெரியாது.”

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குச் சிலுவைப்பாதை. அதற்குமுன் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் நகரத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குள் நுழைந்தாள். தராசு கொண்டுபோகவில்லை. கையில் ஐயாயிரம் இருந்தது. கடைக்காரர் கரப்பந்துகளை ஒதுக்கி இரண்டு றக்கற் எடுத்துவைத்தார். இரண்டும் அலுமினியம். வீசிப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஆள்மேல் படாமல் வீசச் சொன்னார். பெரியவர்களுடையது ஒரே வீச்சில் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. விலையும் கைக்கு மிஞ்சியது. மற்றது சிறுவர்களுடையது, ஓர் அங்குலம் கட்டை, ஊதா நிறம், பக்கத்தில் மஞ்சள் நட்சத்திரம். நரம்பு கட்டியே வந்தது, ஆனால் தளர்வு. அதை வீசினாள். இன்னொரு தரம் வீசினாள். பின்பக்கம், முன்பக்கம், தலைக்கு மேலே. தோள் ஒன்றும் சொல்லவில்லை. பிடிதான் கையில் துரும்புபோல இருந்தது.

“பிள்ளைக்கு எத்தினை வயசு?” என்று கேட்டார் கடைக்காரர்.

“நாற்பத்துநாலு.”

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பில் எழுதினார்.

சிலுவைப்பாதை முடிந்து வந்து, மேசையடியில் நின்றபடி பழைய பருத்திச் சீலைக் கிழிசலைப் பிடியில் சுற்றிப் பருமனாக்கப் பார்த்தாள். மூன்று தரம் சுற்றி மூன்று தரமும் அவிழ்த்தாள். யசிந்தா பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையை நீட்டினாள். உப்பிடிச் சுற்றினால் வேர்வைக்கு வழுக்கும் என்றாள். துடுப்புக்குச் சுற்றுவதுபோல, துணியை நனைத்து, ஒரு சுற்றின் பாதியில் அடுத்த சுற்று ஏறும்படி இழுத்து இழுத்துச் சுற்றினாள். நுனியை நூலால் வலைமுடிச்சுப் போட்டுக் கட்டிப் பல்லால் நூலைக் கடித்தாள். ஜெனிற்றா பொத்திப் பார்த்தாள். ஒரு விரல் நுழைந்தது.

“கறுப்போடை போ,” என்றாள் தாய். “அதைக் கழட்டுறதெண்டால் போகாதை.”

சனிக்கிழமை நாலு மணிக்கு அவள் கறுத்தச் சேட்டும் கறுத்தக் காற்சட்டையுமாகக் கழகத்துக்குப் போனாள். மற்ற மூவரும் வெள்ளை. பதிவுப் புத்தகத்தோடு மேசையில் இருந்த செயலாளர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். கழகத்தில் வெள்ளை உடுப்பு வழக்கம் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, ஆனால் புத்தகத்தையும் நீட்டவில்லை. நிரோஜினி வாய் திறக்க, ஜெனிற்றா முந்திக்கொண்டாள்.

“என்ரை அப்பா செத்து மூண்டு மாசம் சேர். குருநகர் வின்சன்ற். ஒரு வருசத்துக்கு நாங்கள் கறுப்பு மாத்திறேல்லை.”

“எனக்கு ஆளைத் தெரியாது,” என்றார் அவர். பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு புத்தகத்தைத் திருப்பி வைத்தார். “நாலாவது கோட்டிலை எழுதும்.”

எழுதினாள்.

முதல் பந்து வேலிக்கு மேலால் வீதிக்குப் போய் ஓர் ஓட்டோவின் கூரையில் விழுந்தது. இரண்டாவது வலையில். தளர்ந்த நரம்பு, தொட்டால் போதும், பந்தைத் தூக்கி எறிந்தது. ஊதா மட்டையைப் பார்த்து எதிர்ப்பக்கத்தில் ஒருத்தி சிரித்தாள். மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து எடுத்ததா என்று கேட்டாள். ஜெனிற்றா வீச்சைப் பாதியாகக் குறைத்தாள். அடிப்பதை விட்டுவிட்டுத் தள்ளினாள். நாலாவது ஆட்டத்தில் பந்து ஒன்று அவளைத் தேடி வந்தது. ஓடிப்போய்க் குனிந்து திருப்பினாள்; சிரித்தவளின் காலடியில் விழுந்து உருண்டது. ஜெனிற்றாவும் நிரோஜினியும் ஆறுக்கு இரண்டு என்று தோற்றார்கள். அடுத்ததும் தோற்றார்கள். கறுத்தச் சேட் முதுகோடு ஒட்டியிருந்தது.

ஆறு மணியானது. செயலாளர் புத்தகத்தில் அடுத்த சனிக்கிழமைப் பக்கத்தைத் திறந்து, நாலு பெயர்களையும் தானே எழுதிக்கொண்டு, பூட்டை எடுத்தார். மற்ற மூவரும் வாங்குப் பலகையில் அமர்ந்து சப்பாத்துக் கழற்றினார்கள். நிரோஜினி பக்கத்தில் இடம் விட்டு, வந்து இரும் என்று தட்டிக் காட்டினாள்.

“நீங்கள் இருங்கோ,” என்றாள் ஜெனிற்றா. “இன்னும் வெளிச்சம் இருக்கு.”

செயலாளர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெறும் ஆடுகளத்தின் ஒரு முனையில் நின்று அவள் பந்தை மேலே போட்டு அடித்தாள். வலை. திரும்பவும் போட்டாள். வலை. மூன்றாவது உள்ளே விழுந்தது. மற்றப் பக்கம் ஓடிப்போய்ப் பந்துகளைப் பொறுக்கி, அங்கிருந்து இந்தப் பக்கம் போடத் தொடங்கினாள்.