தாய்ப்பூனை தண்ணீர் குடிக்கிறதா?

மண்டபம் ஊரில் பூனைக்குட்டி தேடியவர்கள் முதலில் விசாரித்தது சோணையம்மாளைத்தான். நயினார்கோவில் பக்கத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் அவர். மழை பொய்த்த 1974-ஆம் ஆண்டில் கணவரோடு கடற்கரைக்குப் பிழைக்க வந்து, கணவர் இறந்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல், சலாஹுதீன் என்பவரின் கருவாட்டுக் கிட்டங்கியிலேயே வேலை பார்த்துவந்தார். மீனைக் கீறி உப்பிட்டுக் காயவைப்பது அவர் பணி. உப்புமூட்டைகளுக்கும் கருவாட்டுச் சிப்பங்களுக்கும் இடையில் எலி சேராமலிருக்கக் கிட்டங்கியில் எப்போதும் நாலைந்து பூனைகள் இருந்தன. அவை அவருடைய பொறுப்பாக ஆனது இயல்பாக நடந்தது.

குட்டி எங்கே கிடைக்கும் என்பதில் அவருக்குத் தெளிவான கருத்து இருந்தது. ஐஸ் ஃபேக்டரியின் மரத்தூள் குவியலில் பிறந்தவை நெஞ்சுச்சளி பிடித்து இளைக்கும். கறிக்கடைப் பின்புறத்துக் குட்டிகளுக்குத் திருட்டுத்தான் தெரியும். டீக்கடையில் பால் குடித்து வளர்ந்தவை எலியைக் கண்டால் நகர்ந்து வழிவிடும். கிட்டங்கியில் பிறந்த குட்டியே வீட்டுக்கு ஏற்றது. அதிலும் முதல் ஈற்றைத் தவிர்த்து இரண்டாம் ஈற்றில் எடுப்பது நல்லது என்பார்.

தேர்ந்தெடுக்கும் முறையும் அவருடையதுதான். குட்டியின் பிடரியைப் பிடித்துத் தூக்குவார். பின்னங்கால்களை வயிற்றோடு சுருட்டிக்கொண்டால் எலி பிடிக்கும். கந்தல்துணிபோலத் தொங்கினால் பிடிக்காது. பிறகு ஒரு பித்தளைத் தம்ளரைத் தரையில் தவறவிடுவதுபோல் போடுவார். ஓசை கேட்டதும் ஓடி ஒளிந்து, முதலில் திரும்பிவந்து தம்ளரை மோந்து பார்க்கும் குட்டியே அவர் தேர்வு. குட்டியை எடுப்பவர் தாய்ப்பூனைக்கு ஒரு மீன் கொண்டுவந்து வைக்க வேண்டும். தாய் அதைத் தின்னும்போதே குட்டியைக் கொண்டுபோய்விட வேண்டும். இந்த வழக்கத்தை அவர் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை, 1986-ஆம் ஆண்டு ஐப்பசி வரையில்.

அந்த ஐப்பசியில் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். ஒன்று இறங்குவதற்குள் அடுத்தது ஏறியது. கடல் கரும்பச்சையாகக் கிடந்தது. வள்ளங்கள் மணலில் ஏற்றிக் கட்டப்பட்டிருந்தன. கிட்டங்கியில் வேலை இல்லை. இருந்த சரக்கை மழையில் நனையாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வேலை. சலாஹுதீன் வியாபார நிமித்தமாகத் தூத்துக்குடி போயிருந்தார்.

சாம்பி என்று சோணையம்மாள் அழைத்த சாம்பல்நிறப் பூனை அப்போது மூன்று குட்டிகளோடு இருந்தது. குட்டி போடுவதற்குச் சில வாரங்கள் முன்னால் அது இரண்டு நாள் காணாமற்போய், கழுத்தில் ஒரு காயத்தோடு திரும்பியிருந்தது. கடுவன் பூனைகளின் சண்டையில் சிக்கியிருக்கும் என்று அவர் மஞ்சள் பூசிவிட்டார், காயம் ஆறியது. ஐப்பசியில் ஒருநாள் காலை சாம்பியின் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. பின்னங்கால்கள் தள்ளாடின. தண்ணீர்ச் சட்டியின் அருகே வந்து, முகத்தைத் தாழ்த்தி, குடிக்காமல் பின்வாங்கியது.

கடற்கரையில் வாழ்பவர்களுக்கு இது பழகிய காட்சி. வலையில் சிக்கும் பேத்தை மீன் நஞ்சுள்ளது; மீனவர்கள் அதைப் பொறுக்கிக் கரையில் எறிந்துவிடுவார்கள். பசித்த பூனை அதைத் தின்றால் எச்சில் ஒழுகும், கால் இழுக்கும். சோணையம்மாள் ஆண்டுதோறும் அப்படி ஒன்றிரண்டைப் பார்த்திருந்தார். புளியைக் கரைத்து வாயில் ஊற்றினால் சில பிழைக்கும். சாம்பியையும் மடியில் அழுத்திப் பிடித்துப் புளித்தண்ணீர் ஊற்றினார். அது அவருடைய வலது கட்டைவிரலின் அடிச்சதையைக் கவ்வி, உதறியும் விடாமல் தொங்கியது. மறுநாள் இறந்தது. கிட்டங்கிக்குப் பின்னால் மணலில் புதைத்துவிட்டு, விரலுக்குச் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த சில நாட்களில் நூர் நிஷா வந்தார். கணவர் சவூதியில் இருந்தார். மாமியார் ஜுனைதாவோடும் எட்டு வயது மகள் காலிதாவோடும் பள்ளிவாசல் தெருவில் குடியிருந்தார். தூங்கும்போது காலிதாவின் குதிகாலை எலி கடித்துவிட்டது.

"சோணையக்கா, ஒரு நல்ல குட்டியாப் பாத்துக் குடுங்க. தாய்க்கு வைக்க மீனுக்கு அலைஞ்சு பாத்தேன். யாரும் கடலுக்குப் போகலையே! கருவாடுதான் கொண்டாந்தேன்."

"தாய் செத்துப்போச்சு நூரு. பேத்தையத் தின்னுருச்சு."

"அப்ப இத என்ன செய்ய?"

"வச்சிட்டுப் போ. மத்ததுக தின்னட்டும்."

நூர் நிஷா கருவாட்டுத் துண்டைச் சாம்பி படுத்திருந்த சாக்கின் மேல் வைத்தார். கிட்டங்கியின் மற்றப் பூனைகள் தூரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் அந்தச் சாக்கின் அருகில் வரவில்லை. சோணையம்மாள் குட்டிகளைச் சோதித்தார். வெள்ளைக்கால் குட்டி காலை நன்றாகச் சுருட்டியது. தம்ளர் விழுந்தபோது அது ஓடவே இல்லை. நேராக வந்து மோந்தது. பயமற்ற குட்டி என்று அதையே எடுத்துக் கொடுத்தார்.

கூண்டு இறங்கிய பிறகு சலாஹுதீன் ஊர் திரும்பினார். கிட்டங்கியில் ஆட்கள் கூடி உப்பு அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சோணை, ஒன் மருமக சாம்பியக் காணோம்? கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிட்டாளா?"

"பேத்தையத் தின்னு செத்துப்போச்சு மொதலாளி. நீங்க தூத்துக்குடி போன பொறகு."

"நான் போன பொறகா? கூண்டு ஏறுனதுல இருந்து ஒரு வள்ளங்கூடத் தண்ணியில எறங்கல. பேத்தை எங்கேயிருந்து வந்துச்சு? மதுரை மார்க்கெட்டுக்கு ஆளனுப்பி வாங்கித் தின்னாளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். சோணையம்மாள் தம் கட்டைவிரலைப் பார்த்தார். காயம் மூடிவிட்டது, ஆனால் அந்த இடத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஓர் அரிப்பு காலையிலிருந்து இருந்தது. ஒழுகிய எச்சில், இழுத்த கால், சட்டியிலிருந்து பின்வாங்கிய முகம், ஆறிப்போன கழுத்துக் காயம் ஆகியவை இப்போது வேறு வரிசையில் அமைந்தன. பேத்தை இல்லையென்றால் அது வெறிநோய்.

கைவசமிருந்த இரண்டு குட்டிகளையும் பஞ்சாரக் கூடையால் மூடி மேலே கல்லை வைத்துவிட்டுப் பள்ளிவாசல் தெருவுக்கு நடந்தார். உண்மையைச் சொன்னால் அவர் கொடுத்த குட்டியை இனி எவரும் வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்கள். கிட்டங்கியிலும் அவரை வேலைக்கு வைத்திருப்பார்களா என்பது ஐயம். போகும் வழியிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டார்.

வாசலில் ஜுனைதா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குட்டிக்குச் சொறி இருக்கும்போல இருக்கு. குடுங்க, வேற தாரேன்" என்றார் சோணையம்மாள்.

"சொறியா? பட்டுக் கணக்கா இருக்கு. குடுத்ததத் திருப்பிக் கேக்க வந்திட்டியாக்கும்! வேற எவளும் ஒன் வாயில நல்ல மீனா வச்சாளா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"பின்னே? எலி ஒன்னு விடாம ஓடிப்போச்சு. இனிமே தரமாட்டோம்."

உள்ளேயிருந்து காலிதா குட்டியைத் தாவணித் துண்டில் சுருட்டி மார்போடு அணைத்தபடி வந்தாள். அவள் விரல்களில் ஊசி குத்தியதுபோல் சிவந்த புள்ளிகள் இருந்தன.

"என்ன தாயி இது கையில?"

"சும்மா வெளாட்டுல கடிச்சுச்சு பெரியம்மா. வலிக்கவே இல்ல."

பேச்சுச் சத்தம் கேட்டு நூர் நிஷாவும் வாசலுக்கு வந்தார். சோணையம்மாள் தம் வலக்கையை நூர் நிஷாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பொய் சொன்னேன் நூரு. சொறியெல்லாம் இல்ல. இது சாம்பி கடிச்சது. அது பேத்தையத் தின்னு சாகல. வெறியில செத்திருக்கு. எனக்குத் தெரியல. பாத்ததையே பாத்துப் பழகிப்போய், இதுவும் அதுதான்னு நெனச்சிட்டேன்."

ஜுனைதாவின் கையிலிருந்த முறம் சாய்ந்து அரிசி தரையில் கொட்டியது.

"யா அல்லா! இப்ப வந்து சொல்றியே பாவி!"

"இப்பத்தான் தெரிஞ்சுச்சு. குட்டியக் கீழ விடு தாயி. என்கிட்டக் குடு. நூரு, மொதல்ல சோப்புப் போட்டு அந்தக் கையக் கழுவு. காலைல மொத பஸ்ஸுக்கு ராம்நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

"தொப்புளச் சுத்திப் போடுவாங்களே, அந்த ஊசியா?" என்று கேட்டாள் காலிதா.

"ஆமா. எனக்குந்தான். ரெண்டு பேரும் சேந்து போட்டுக்குவோம்."

"வலிக்குமா?"

"வலிக்கும். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

பூனைக்காரி சோணையம்மாள் பயம் என்ற சொல்லைத் தம்மைப் பற்றிச் சொல்லி அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை. ஜுனைதா உள்ளே போய்ச் சோப்பை எடுத்துவந்தார்.

இராமநாதபுரத்து மருத்துவர் இருவரையும் பார்த்தார். சிறுமியை நேரத்தோடு கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார். சோணையம்மாளின் விரலைத் திருப்பிப் பார்த்து, கடிபட்டு வெகுநாள் ஆகிவிட்டது, ஊசி போடுகிறோம், உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார்.

"எவ்வளவு நாள் பாக்கணும் அய்யா?"

"சில மாசம். அபூர்வமா வருஷக்கணக்குலயும் வந்திருக்கு."

"வந்தா எப்படித் தெரியும்?"

"தண்ணி எறங்காது."

இரண்டு பேரும் நாள்தோறும் ஒரே பேருந்தில் போய்வந்தார்கள். அதற்குள், திருப்பி வாங்கிவந்து பஞ்சாரத்தில் அடைத்திருந்த வெள்ளைக்கால் குட்டி பாலை முகர்ந்து முகர்ந்து திரும்பியது. பிறகு தன் நிழலைப் பார்த்துச் சீறியது. பிறகு கூடையின் மூங்கிலைக் கடித்தபடியே விறைத்தது. தம்ளர் ஓசைக்கு அது ஓடாமல் நின்றது துணிவினாலா, நோயினாலா என்பதைச் சோணையம்மாளால் கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை. மற்ற இரண்டும் அடுத்தடுத்து இறந்தன. ஆட்கள் கிட்டங்கிப் பூனைகள் அனைத்தையும் அடித்து அதே மணலில் புதைத்தார்கள். அவர் தடுக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் ஒருவரும் அவரிடம் குட்டி கேட்டு வரவில்லை. சிப்பங்களை எலி அரிக்கத் தொடங்கியபோது சலாஹுதீனே, "சோணை, ரெண்டு பூனை பாத்துக் கொண்டா" என்றார். மெல்ல மெல்ல மற்றவர்களும் வந்தார்கள். ஆனால் அவர் இப்போது பிடரியைப் பிடித்துத் தூக்குவதில்லை, தம்ளரும் போடுவதில்லை. தாய்ப்பூனைக்கு முன்னால் ஒரு சட்டி தண்ணீர் வைத்துவிட்டு, எவ்வளவு நேரமானாலும் அது குடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார். "தாய் தண்ணி குடிக்கிறதப் பாத்துக்கங்க. பொறகு எந்தக் குட்டிய வேணும்னாலும் எடுங்க" என்பார். தாயில்லாக் குட்டியை எவ்வளவு கெஞ்சினாலும் கொடுத்ததில்லை.

காலிதாவுக்கு ஒன்றும் நேரவில்லை. சோணையம்மாளுக்கும் நேரவில்லை, இனி நேராது என்று அவர்தான் நம்பவில்லை. விடிந்ததும் வாசலில் நின்று ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பார். தொண்டையில் இறங்குகிறதா என்று கவனித்தபடி, மிகவும் மெதுவாக. பிறகு வேலைக்குப் போகும் வழியில் நூர் நிஷாவின் வாசலில் நின்று, "புள்ள தண்ணி குடிச்சிருச்சா?" என்று கேட்பார். உள்ளேயிருந்து, "குடிச்சாச்சு பெரியம்மா" என்று காலிதாவின் குரல் வரும். அது ஏதோ நலம் விசாரிப்பு என்று புதிதாய்க் குடிவந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

காலிதா மணமாகிப் பெரியபட்டினம் போன பிறகும் அவர் அந்த வாசலில் நிற்பதை விடவில்லை. நூர் நிஷா மகளுக்காகப் பதில் சொல்லி அனுப்புவார். 2003-ஆம் ஆண்டு கோடையில் மாரடைப்பால் சோணையம்மாள் இறந்த அன்று, வாசற்படியில் செம்பு நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. குடிப்பதற்கு முன் விழுந்தாரா, குடிக்க முயன்று முடியாமல் வைத்துவிட்டு விழுந்தாரா என்று நூர் நிஷா வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். செய்தி அறிந்து பகலில் வந்துசேர்ந்த காலிதா, வாசற்படியில் அந்தச் செம்பைக் கண்டதும் எடுத்து, அங்கேயே நின்று, ஒரு சொட்டும் விடாமல் குடித்து முடித்தாள்.